கருவி சொல்லாமல் விடுவதை எழுதுங்கள்

கள்ளக்குறிச்சி மாவட்டம் விழுப்புரத்திலிருந்து பிரிந்து செயல்படத் தொடங்கியது 2019 நவம்பர் 26 அன்று. நம் கையில் இருக்கும் கடைசி மக்கள்தொகைக் கணக்கெடுப்போ 2011-இல் எடுத்தது. அதன் எக்செல் கோப்பில் கள்ளக்குறிச்சி என்பது விழுப்புரம் மாவட்டத்தின் ஒரு வட்டம் மட்டுமே. பழங்குடியினர் வாழும் கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கத்து ஊர்கள் விழுப்புரத்தின் கீழும், கருமந்துறைப் பக்கத்து ஊர்கள் சேலத்தின் கீழும் வருகின்றன. “கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் பழங்குடியினர் எத்தனை பேர்?” என்று ஓர் ஏஐ ஏஜென்டிடம் கேட்டு, இந்தக் கோப்பைப் படிக்க ஒரு கருவியையும் கொடுத்தால் இரண்டில் ஒன்று நடக்கலாம். மாவட்டப் பட்டியலில் அந்தப் பெயர் கிடைக்காமல் கருவி வெற்று விடையைத் திருப்பித் தர, ஏஜென்ட் அதைப் பூஜ்யமாக எடுத்துக்கொள்ளும். அல்லது பெயரை மட்டும் தேடி, வட்டத்தின் எண்ணை மாவட்டத்தின் எண்ணாகச் சொல்லிவிடும். இரண்டாவதுதான் கூடுதல் ஆபத்து. பார்த்தால் சரியான விடைபோலவே இருக்கும், யாருக்கும் ஐயம் வராது.

இதில் தவறு ஏஜென்டை இயக்கும் மாடலுடையது என்று சொல்வது எளிது. மென்பொருள் துறையினரான நாம் கருவிகளுக்கு எழுதும் விளக்கக் குறிப்பில்தான் குறையின் பெரும்பங்கு இருக்கிறது என்பது எங்கள் கருத்து. கோப்பின் பெயரைக் கொடு, தாளின் பெயரைக் கொடு, வரிசைகள் வரும் என்று எழுதிவிட்டு நிறுத்திக்கொள்கிறோம். மனிதருக்கு அது போதும். அவர் கோப்பைத் திறந்து கண்ணால் பார்த்துவிடுவார். ஏஜென்டுக்கு அந்தக் கண் பெரும்பாலும் இல்லை. ஏஜென்டுகளைக் கருவிகளோடு இணைக்க 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் வெளியிட்ட மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகாலை எடுத்துக்கொண்டால், கருவி தன்னைப் பற்றிச் சொல்வது முதன்மையாகப் பெயர், விளக்கம், உள்ளீட்டின் வடிவம் ஆகியவைதான். கருவியை எப்போது அழைப்பது, திரும்பி வந்ததை எப்படிப் புரிந்துகொள்வது என்பதை மாடல் அவற்றை வைத்தே முடிவு செய்கிறது. ஆகவே கருவி எதைத் தருகிறது என்பதைவிட எதை விட்டுவிடுகிறது என்பதே குறிப்பில் முதலில் வரவேண்டும்.

காலியாக வரும் ஒரு கட்டத்தையே பாருங்கள். அலுவலகப் பட்டியலில் ஒரு ஊராட்சியின் பெயரைப் பத்துக் குக்கிராமங்களுக்கும் பொதுவாக ஒரே கட்டமாக இணைத்திருப்பார்கள். அச்சில் அது பத்துக்கும் பொருந்தும். கோப்பிலோ பெயர் முதல் கட்டத்தில் மட்டும்தான், மற்ற ஒன்பதும் காலி. சூத்திரம் இருக்கும் கட்டத்தில் சூத்திரத்தை விட்டு மதிப்பை மட்டும் கேட்டால், எக்செல் கடைசியாகச் சேமித்து வைத்த விடையை ஓப்பன்பைஎக்செல் என்ற பைதான் நிரலகம் எடுத்துத் தரும். வேறொரு நிரல் எழுதிய கோப்பை எக்செலில் ஒருமுறைகூடத் திறந்து சேமிக்கவில்லை என்றால் அந்த விடையே இருக்காது, காலிதான் வரும். ‘என்ஏ’ என்று ஆங்கிலத்தில் எழுதிய கட்டத்தைப் பாண்டாஸ் என்ற மற்றொரு பைதான் நிரலகம் தானாகவே காலியாக்கிவிடும். இவற்றோடு, உண்மையிலேயே தகவல் திரட்டாத மலைக்கிராமத்தின் கட்டமும் காலிதான். நான்கும் ஏஜென்டுக்கு ஒன்றுபோலவே போய்ச் சேர்கின்றன. காலியாக இல்லாத கட்டங்களிலும் சிக்கல் உண்டு. கணக்கெடுப்புக் கோப்பில் மாநிலம், மாவட்டம், வட்டம், கிராமம் எல்லாம் ஒரே பட்டியலில் அடுத்தடுத்து வரும். மாவட்டத்துக்கும் வட்டத்துக்கும் மொத்தம், ஊரகம், நகரம் என்று தனித்தனி வரிசைகளும் உண்டு. அப்படியே கூட்டினால் ஒரே ஆளைப் பலமுறை எண்ணியதாகிவிடும். தமிழ் எழுத்துருச் சிக்கல் நமக்கே உரியது. அரசு 2010-இல் ஒருங்குறியை ஏற்று ஆணையிட்ட பிறகும் வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சிட்ட கோப்புகள் புழக்கத்தில் இருக்கின்றன. எழுத்துருவின் பெயரைத் தராமல் உரையை மட்டும் எடுத்துத் தரும் கருவியில் ‘கல்வராயன்மலை’ பொருளற்ற ஆங்கில எழுத்துகளாக வரும். கோப்பு பழுதில்லை, எழுத்துருதான் வேறு என்பதை யாராவது சொல்லாமல் ஏஜென்ட் எப்படி உறுதியாக அறியும்?

மாடல்கள் கூர்மையாகிவருகின்றன, தாமே கண்டுபிடித்துவிடும் என்பார்கள். வந்து சேர்ந்த தகவலை வைத்து அவை நன்றாகவே ஊகிக்கின்றன; வந்து சேராததை வைத்து எவரும் ஊகிக்க முடியாது. இங்கிலாந்தில் 2020-இல் பழைய எக்செல் வடிவத்தின் 65,536 வரிசை எல்லையைத் தாண்டிய பதிவுகள் உதிர்ந்து, 15,841 கொரோனா தொற்றுகள் உரிய நாளில் கணக்கில் வரவில்லை. அங்கே வேலை செய்தவர்கள் மனிதர்கள்தான். நீண்ட குறிப்பு மாடலின் நினைவகத்தில் இடத்தை அடைத்துக்கொள்ளும் என்பது இதைவிட வலுவான மறுப்பு, அதை ஏற்கிறோம். அதற்காகக் குறிப்பைச் சுருக்கி எச்சரிக்கையை வெட்டக் கூடாது. எச்சரிக்கையை விடையோடு சேர்த்து அனுப்பலாம். ‘இந்தத் தாளில் இணைந்த கட்டங்கள் இருக்கின்றன’, ‘முதல் 200 வரிசைகள் மட்டுமே தந்திருக்கிறேன்’ என்று கருவியே அந்தந்த நேரத்தில் சொன்னால் இடமும் மிஞ்சும், தேவையான இடத்தில் தேவையான சொல்லும் கிடைக்கும். கோப்புகளைத் திருத்துவதுதான் நிரந்தரத் தீர்வு என்போருடன் எங்களுக்குச் சண்டையில்லை. ஆனால் பழைய கோப்புகளை யாரும் திரும்ப எழுதப்போவதில்லை.

அடுத்த கணக்கெடுப்பு 2027 மார்ச் 1-ஐ அடிப்படை நாளாகக் கொண்டது. கள்ளக்குறிச்சி ஒரு மாவட்டமாக அதில்தான் முதல்முறை இடம்பெறும். அந்த எண்கள் வந்ததும் 2011-உடன் ஒப்பிடச் சொல்லித்தான் எல்லோரும் ஏஜென்டுகளிடம் கேட்பார்கள். ‘இந்த மாவட்டம் இந்தக் கோப்பில் இல்லை’ என்பதற்கும் ‘இருக்கிறது, மதிப்பு பூஜ்யம்’ என்பதற்கும் நம் கருவிகள் வெவ்வேறு விடை தருகின்றனவா என்று அதற்குள் சோதித்துப் பாருங்கள். தராவிட்டால் கருவியைத் திருத்துங்கள், திருத்தும்வரை அந்தக் குறையைக் குறிப்பின் முதல் வரியில் எழுதி வையுங்கள்.