முதலில் காட்டு, பிறகு வழிவிடு

2023இல் வந்த 'ரெசிடென்ட் ஈவில் 4' மறு ஆக்கத்தில் ஏணி, பீப்பாய், உடைக்க வேண்டிய மரப்பெட்டி எல்லாவற்றிலும் மஞ்சள் பெயின்ட். அடுத்த ஆண்டு 'ஃபைனல் ஃபேன்டசி 7 ரீபர்த்' டெமோவில் ஏற வேண்டிய பாறைக்கும் அதே மஞ்சளைப் பூசியிருந்தார்கள். ஆடுபவர்கள் கேலி செய்தார்கள். நம் தொழிலில் இருப்பவர்களில் பலர் பெயின்ட் பக்கம் நின்றார்கள். அது இல்லாவிட்டால் பிளேடெஸ்டில் ஆள் ஏணிக்கு எதிரே நின்றுகொண்டே ஏணியைத் தேடுகிறார், நாங்கள் என்ன செய்வது என்றார்கள். நியாயமான பேச்சுதான். லெவல் டிசைனராக ஒரு மாதம் வேலை பார்த்தவர்கூட இந்தக் காட்சியைக் கண்டிருப்பார். ஆனால் அந்த ஆள் ஏன் அப்படி ஆனார் என்று நாம் கேட்டுக்கொள்வதில்லை. இருபது வருடமாக அம்புக்குறிக்குப் பின்னால் நடத்தியே பழக்கிவிட்டு, இப்போது அவருக்குக் கண் தெரியவில்லை என்று குறைப்படுகிறோம்.

சந்தும் பொந்துமாக வளைந்து கிடக்கும் 'டூம்' காலத்து ஷூட்டர்களை இந்த இதழில் பேச எடுத்ததற்கு அதுவே காரணம். பழைய நினைவு காரணமில்லை. 2018இல் 'டஸ்க்', 2019இல் 'அமிட் ஈவில்', 'அயன் ஃபியூரி', 2022இல் 'ப்ரோடியஸ்' என்று அதே பாணியில் வரிசையாக ஆட்டங்கள் வந்தன. அவற்றை விரும்பி ஆடுகிறவர்களில், 'டூம்' வெளியான 1993 டிசம்பரில் பிறந்தேயிராதவர்கள் நிறைய. 'டூம்' நிரலை ஐடி சாஃப்ட்வேர் 1997இல் பொதுவில் திறந்துவிட்டது. அன்றிலிருந்து இன்றுவரை புது லெவல்கள் வந்துகொண்டே இருக்கின்றன. தான் பிறக்காத காலத்தை நினைத்து யாரும் இத்தனை உழைப்பதில்லை. அந்தச் சந்துகளில் வேறு ஏதோ இருக்கிறது.

வரலாற்றை இரண்டு வரியில் சொல்லிவிடலாம். 1973 வாக்கில் நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்தில் ஸ்டீவ் கோலியும் நண்பர்களும் இம்லாக் கணினியில் ஒரு மேஸ் செய்தார்கள். கோட்டுச் சித்திரமாகத் தெரியும் சந்துகளில் நடந்து வெளியே வரவேண்டும், அவ்வளவுதான் ஆட்டம். அது சலித்துப்போகவே இரண்டு கணினிகளைக் கம்பி போட்டு இணைத்து ஒருவர் கண்ணில் மற்றவர் படும்படி செய்தார்கள். சுடும் யோசனை அதற்குப் பின்னால்தான் வந்தது. ஆக, நம் வகைமையில் சந்து மூத்தது, துப்பாக்கி இளையது. விண்டோஸ் 95 காலத்தில் சும்மா கிடந்த கணினிகளில் ஓடிய செங்கல் சுவர் ஸ்கிரீன்சேவர் நினைவிருக்கிறதா? அதில் சுடவும் முடியாது, ஆடவும் முடியாது. இருந்தும் கவுன்டர் வரிசையில் நின்றவர்கள் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த திருப்பத்தில் என்ன என்று தெரிந்துகொள்ளும் ஆசைக்கு அதுவே போதுமாக இருந்தது.

நம் ஊர்ப் பள்ளிக் கணினி அறைகளில் ஒரு தலைமுறையே 'டேஞ்சரஸ் டேவ்' ஆடி வளர்ந்தது. அதைச் செய்த ஜான் ரோமெரோதான் பிறகு 'டூம்' முதல் பாகத்தின் பெரும்பாலான லெவல்களையும் வரைந்தார். டேவில் கோப்பையை எடுத்த பிறகுதான் கதவு திறக்கும். கதவை முன்பே பார்த்திருப்போம். அந்தச் சின்னக் குறும்பு இரண்டிலும் உண்டு.

இடையில் வந்தது 'உல்ஃபென்ஸ்டைன் 3டி', 1992 மே மாதம். அதைப் புகழ்வது எளிது. நாம் கொஞ்சம் கறாராகவே பார்ப்போம். 64க்கு 64 கட்டம், எல்லாச் சுவரும் ஒரே உயரம், எல்லா மூலையும் செங்கோணம். ஆட்டோமேப் கிடையாது. எந்தப் பக்கம் திரும்பினாலும் அதே நீலக்கல். ரகசிய அறைக்காக ஸ்பேஸ் பாரை அழுத்திக்கொண்டே சுவரோரம் உரசி நடந்தவர்களுக்கு அதன் அலுப்பு தெரியும். இரண்டாம் பாகத்தின் எட்டாம் தளத்தில் தள்ளினால் நகரும் சுவர்களாலேயே ஒரு பெரிய மேஸ் கட்டி, அதன் உள்ளே ஒரு பலகை வைத்திருந்தார்கள்: ஆட்டத்தை வெளியிட்ட அப்போஜி நிறுவனத்துக்குப் போன் செய்து 'ஆர்ட்வுல்ஃப்' என்று சொல்லுங்கள் என்று. முதலில் கண்டுபிடிப்பவருக்குப் பரிசு கொடுப்பதாகத் திட்டம். மேப்பைத் திறந்து காட்டும் எடிட்டர்கள் சீக்கிரமே வெளியில் வந்துவிட, போட்டி கைவிடப்பட்டது. பலகை மட்டும் தங்கிவிட்டது. தொலைவது மட்டுமே ஆட்டம் என்றால் ஆடுபவர் குறுக்குவழியைத்தான் தேடுவார். மேஸ் என்ற சொல்லைக் கேட்டதும் நம்மில் பலர் முகம் சுளிப்பது இந்த வகை லெவல்களால்தான்; சுளிப்பது சரியும்கூட.

'டூம்' செய்தது வேறு. முதல் லெவலின் தொடக்கத்திலேயே ஒரு ஜன்னல் வழியாக வெளிமுற்றம் தெரிகிறது. அங்கே நீலக் கவசம் ஒன்று கிடக்கிறது. அங்கே போக வழி தெரியவில்லை. முற்றத்துக்குப் போகும் பாதை வேறோர் அறையின் சுவரில் ஒளிந்திருக்கிறது. கண்டுபிடித்து வெளியே வந்து நிற்கும்போது, முதலில் நாம் நின்ற ஜன்னலை இப்போது எதிர்ப்பக்கத்திலிருந்து பார்க்கிறோம். அந்த நொடியில் இரண்டு அறைகளும் ஒரு முற்றமும் மூளைக்குள் ஒன்றாகப் பூட்டிக்கொள்கின்றன. எந்த அம்புக்குறியும் இதைச் செய்யாது. ஒரே இடத்துக்கு ஆடுபவரை இரண்டு மூன்று முறை திரும்ப அழைத்து வந்தால் இடம் மனதில் பதியும் என்பதை ரோமெரோ தன் விதிகளில் ஒன்றாகவே வைத்திருந்தார்.

சாவிகளும் இதே வேலையைச் செய்கின்றன. சிவப்புக் கதவை முதலில் பார்க்கிறோம், திறக்கவில்லை. பத்து நிமிடம் கழித்துச் சிவப்புச் சாவி கையில் வந்ததும் அந்தக் கதவு எங்கே இருந்தது என்று மனம் பின்னோக்கி ஓடுகிறது. அதற்குள் சாவியை எடுத்த அறையின் சுவரே திறந்து நாலு பிசாசுகள் வருகின்றன. தெரிந்த இடம் என்று நினைத்தது மாறிப்போகிறது. இந்த ஏற்பாட்டில் கதையும் இல்லை, வசனமும் இல்லை. இருந்தாலும் ஒரு லெவலில் நடந்ததை ஆடியவர் கதைபோலச் சொல்வார்.

அதிகம் பேசப்படாத இரண்டு விஷயங்கள் உண்டு. ஒன்று, பிணங்கள். 'டூம்' லெவலில் கொன்ற பேய் விழுந்த இடத்திலேயே கிடக்கும், லெவல் முடியும்வரை. எடுத்த மருந்துப்பெட்டி திரும்ப முளைக்காது. எனவே ஒரு கூடத்துக்குள் நுழைந்ததும் 'இங்கே வந்துபோயிருக்கிறேன்' என்று தரையே சொல்லிவிடும். நம் காலத்து ஆட்டங்களில் மெமரியை மிச்சம் பிடிக்க, விழுந்த உடலைச் சில நொடிகளில் மறைத்துவிட்டு, அந்த இழப்பை ஈடுகட்ட மினிமேப்பைத் திரையின் மூலையில் ஒட்டுகிறோம். இரண்டாவது, வேகம். 'டூம்' வீரன் ஓடும் வேகத்தில் லெவலின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நிமிடத்துக்குள் போய்விடலாம். அதனால் திரும்பி நடப்பது தண்டனையாக இல்லை. துப்பாக்கியைத் தூக்கிப் பிடித்து மூச்சிரைக்க நடக்கும் இன்றைய சிப்பாயை அதே லெவலில் விட்டால் ஐந்தாவது நிமிடம் ஆட்டத்தை மூடிவிடுவார்கள். மேஸ் போட ஆசைப்படுகிறவர் முதலில் தொடவேண்டியது சுவரை அல்ல, நடை வேகத்தை.

ஆட்டோமேப்பைப் பற்றி ஒரு வார்த்தை. டாப் விசையை அழுத்தினால் நாம் கண்ணால் பார்த்த சுவர்கள் மட்டும் கோடுகளாக விரியும். 'டூம்' என்ஜினில் ஓர் அறைக்கு மேல் இன்னோர் அறை வைக்க முடியாது. அந்தக் குறையே வரம் ஆயிற்று. முழு லெவலும் ஒரு தாளில் அடங்கும் தரைப்படம். 1996இல் 'குவேக்' உண்மையான முப்பரிமாணத்துக்குப் போனதும் ஆட்டோமேப் காணாமல் போனது தற்செயல் இல்லை. போன இடத்தைக் காட்டும் கருவி வேறு, போகவேண்டிய இடத்தைக் காட்டும் கருவி வேறு. முன்னது ஞாபகத்துக்குத் துணை. பின்னது ஞாபகத்தை வேலையிலிருந்து நிறுத்திவிடுகிறது. வழி கண்டுபிடிப்பதில் உண்மையான சிரமம் உள்ள ஆட்டக்காரர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு மார்க்கரை ஆப்ஷனில் கொடுப்பது நம் கடமை. எல்லோருக்கும் முதலிலிருந்தே அதை ஏற்றிவைப்பது சோம்பல்.

மூளை வழியைத் தானாகவே வரைந்துகொள்கிறது என்பதற்குச் சான்று புதிதல்ல. உளவியலாளர்கள் டோல்மனும் ஹான்சிக்கும் 1930இல் எலிகளைப் பத்து நாள் தீனி எதுவும் வைக்காமல் மேஸில் சும்மா உலவவிட்டார்கள். பதினொன்றாம் நாள் தீனி வைத்ததும், முதல் நாளிலிருந்தே தீனி பெற்ற எலிகளுக்கு இணையாக அவை குறைந்த பிழைகளோடு ஓடத் தொடங்கின. பரிசு இல்லாமல் திரிந்த நாட்களில்தான் வரைபடம் உருவாகியிருந்தது.

இந்தத் தலையங்கம் எழுதப்படும் கொச்சிப் புறநகர் காக்கநாட்டில் அப்படித் திரிய வாய்ப்பு குறைவு. 2004இல் இன்ஃபோபார்க் என்ற ஐடி வளாகம் வந்த பிறகு வேகமாக வளர்ந்த ஊர் இது. அகலச் சாலை, கண்ணாடிக் கோபுரம், கேட், அடையாள அட்டை, போன் சொல்லும் திருப்பம். பல வருடமாக இங்கே வந்துபோகிறவரிடம் தன் கட்டடத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். பதிலுக்கு யோசிப்பார்.

அதே கொச்சியின் பழைய பகுதியான மட்டாஞ்சேரி அப்படி இல்லை. பஜார் சாலை காயலை ஒட்டியே ஓடுகிறது, ஆனால் நடுவில் மசாலாப் பண்டகசாலைகள் வரிசையாக நிற்பதால் தண்ணீர் தெரிவதில்லை. எங்கோ ஒரு வாசல் திறந்திருந்தால் நீளமான கிட்டங்கியின் மறுமுனையில் காயல் ஒரு கீற்றாகத் தெரியும். அங்கே போக வேறு வழி பார்க்க வேண்டும். 1568இல் கட்டிய பரதேசி யூதர் கோவிலுக்கும் அரண்மனை வளாகத்துக் கோவிலுக்கும் இடையே இருப்பது ஒரே மதில்தான்; வாசலுக்கு வாசல் போக வேண்டுமானால் தெருவைச் சுற்றித்தான் நடக்க வேண்டும். யூதத் தெரு யூதர் கோவிலோடு முடிந்துவிடுகிறது. அந்த முட்டுச்சந்தில் நிற்கும் 1760ஆம் ஆண்டு மணிக்கூண்டைவிடச் சிறந்த அடையாளக் கம்பத்தை நாம் எந்த லெவலிலும் வைத்துவிட முடியாது. சுக்கு வாடை வந்தால் ஒரு பகுதி, பழம்பொருள் கடைகள் தொடங்கினால் இன்னொரு பகுதி. நகரத்தை மனிதர் பாதை, விளிம்பு, வட்டாரம், சந்திப்பு, அடையாளம் என்று ஐந்தாகப் பிரித்து நினைவில் வைக்கிறார்கள் என்று கெவின் லிஞ்ச் 1960இல் எழுதியதை டிசைன் வகுப்பில் மனப்பாடம் செய்கிறோம். ஐந்தும் இங்கே ஒரே மாலை நடையில் காலில் படுகின்றன. தள்ளி, ஃபோர்ட் கொச்சியில் 'வெளி' என்ற இடத்தில், தலைமுறைகளாகத் தமிழ் பேசும் வண்ணார் குடும்பங்களின் டோபிகானா இருக்கிறது. காயும் வேட்டிகளும் விரிப்புகளும் காற்றில் விலகும்போது மட்டும் பின்னால் இருப்பது தெரியும். இப்படி ஒரு சுவரை எந்த ஷூட்டரிலும் இதுவரை நாம் பார்த்ததில்லை.

தமிழ்நாட்டிலேயே இன்னும் பழைய பாடம் ஒன்று கிடக்கிறது. பொள்ளாச்சி அருகே கெடிமேட்டில் தரையில் சதுரமாக அமைந்த சுழல்பாதை உண்டு. கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம் இத்தகையவற்றை ஏழுசுற்றுக் கோட்டை என்பார்கள். அதில் கிளைவழியே இல்லை. ஒரே பாதை, மடிந்து மடிந்து மையத்தை நெருங்கி, விலகி, மறுபடி நெருங்கும். நல்ல 'டூம்' லெவலை எடுத்து முக்கியப் பாதையை மட்டும் வரைந்து பார்த்தால் அதுவும் இப்படித்தான் இருக்கும். பார்க்கப் பத்து வழி, நடக்க ஏறக்குறைய ஒரே வழி. தொலைந்துவிட்டோம் என்ற உணர்வை டிசைனர் கொடுக்கிறார். உண்மையில் தொலைய விடுவதில்லை. 1995இல் 'ஹெக்சன்' தவறியது இங்கேதான். ஒரு மேப்பில் சுவிட்சைத் தட்டினால் இன்னொரு மேப்பில் ஏதோ நடக்கும். அழகான கட்டடங்கள், ஆனால் காட்டாமலேயே வழிவிட்டார்கள்.

எதிர்வாதம் ஒன்றைத் தட்டிக்கழிக்க முடியாது. பப்ஜியின் எராங்கெல் மேப் 8க்கு 8 கிலோமீட்டர், மூலையில் மினிமேப் வேறு. இருந்தும் பொச்சிங்கியின் ஒவ்வொரு வீட்டு மாடிப்படியும் நம் ஊர்ப் பையன்களுக்கு அத்துப்படி. அவர்களுக்கு முந்தைய பிரவுசிங் சென்டர் தலைமுறைக்கு 'கவுன்டர் ஸ்ட்ரைக்'கின் டஸ்ட்2 அப்படி. உண்மைதான். ஆனால் அவர்கள் அந்த மேப்பை நூற்றுக்கணக்கான முறை செத்துச் செத்துக் கற்றார்கள். தனியாள் ஆட்டத்தில் லெவல் ஒரே முறைதான் கடக்கப்படும். பல நூறு மரணங்கள் கற்பித்ததை அது பதினைந்து நிமிடத்தில் கற்பிக்க வேண்டும். நம் கைத்திறன் தேவைப்படுவது அங்கேதான்.

ஆகவே வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். ஆட்டக் கோப்புகளுக்கு ஃப்ரீடூம், அதை ஓட்ட ஜிஇசட்டூம், லெவல் கட்ட அல்டிமேட் டூம் பில்டர், மூன்றும் இலவசம். சாதாரண லேப்டாப்பில் ஓடும். உங்களுக்குத் தெரிந்த ஒரு சந்துப் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள், மட்டாஞ்சேரியோ மதுரையோ. தொடக்கத்திலேயே தெரியும் ஒரு முற்றம், மூன்று பூட்டிய கதவுகள், மார்க்கர் ஒன்றுகூடக் கூடாது. தொழிலுக்கு வெளியே உள்ள ஒருவரைப் பதினைந்து நிமிடம் ஆட விடுங்கள். பிறகு கணினியை மூடிவிட்டு ஒரு தாளும் பேனாவும் கொடுத்து, போய்வந்த இடத்தை வரையச் சொல்லுங்கள். எந்த மூலையில் அவர் கை தயங்குகிறதோ அந்த மூலையை மறுபடி கட்டுங்கள். மேப் ஃபைலை எங்களுக்கு அனுப்ப வேண்டாம். அவர் வரைந்த தாளைப் படமெடுத்து அனுப்புங்கள்; அடுத்த இதழில் வெளியிடுகிறோம்.