மேலும் தணல், கீழும் தணல்

மார்கழி பிறக்கச் சில நாட்களே இருந்த ஒரு காலைப்பொழுதில், எமது வகுப்பு மாணவி ஒருத்தி ஒரு படத்தைக் கொணர்ந்து எம்மிடம் காட்டினாள். கத்தரிப்பூ நிறத்தில் மூன்றடுக்குக் கேக் ஒன்று அதிலே அழகுற அமைந்திருந்தது. "ஐயா, இந்த நிறம் வர எவ்வளவு சாயம் கலந்திருப்பார்கள்?" என்று வினவினாள். படத்தின் அடியில், 'ஊபே கேக் – பிலிப்பைன்ஸ்' என்று பொறிக்கப்பட்டிருந்தது.

"சாயம் தேவையில்லைப் பிள்ளை, ஊபே என்பது ஒரு கிழங்கு. எங்கள் தோட்டங்களில் விளையும் இராசவள்ளிக்கிழங்குதான் அது" என்றோம்.

வகுப்பிலே சிரிப்பெழுந்தது. "அம்மம்மா காய்ச்சும் இராசவள்ளியா?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் கேட்டது. அச்சிரிப்பில் வியப்பு இருந்தது. சிறிது நாணமும் கலந்திருந்ததை யாம் கண்டோம். வீட்டில் உண்ணும்போது நாட்டுப்புறத்து உணவாகத் தோன்றுவது, பிறநாட்டுப் படமொன்றில் வந்தவுடன் நாகரிகமாகி விடுகின்றது! இந்நாணத்துக்கு மருந்து தேடியே, இவ்வாரம் வாசகர்களைப் பிலிப்பைன் தீவுகளின் அடுக்களைகளுக்கு அழைத்துச் செல்ல எண்ணினோம்.

ஏழாயிரத்துக்கு மேற்பட்ட தீவுகளாலான நாடு அது. 1565ஆம் ஆண்டிலிருந்து 1898 வரை ஸ்பானியரும், அதன்பின் அமெரிக்கரும் அதனை ஆண்டனர். 1946இல் அது சுதந்திரம் பெற்றது. அந்நாட்டின் பிரதான உணவு சோறு. கோதுமையோ அந்த வெப்பமண்டலத்துக்கு ஏற்ற பயிரன்று. கப்பலில் வந்திறங்கிய பொருளே அது. ஆயினும் அம்மக்கள் சுட்டெடுக்கும் பணியாரங்களில் கைதேர்ந்தவர்கள். கோதுமை விளையாத நாட்டில் இக்கலை எவ்வாறு தழைத்தது?

இதற்கு விடை தேடுவோர் திசெம்பர் 16ஆம் நாள் விடியற்காலையில் அந்நாட்டுத் தேவாலயமொன்றின் வாசலில் நிற்றல் வேண்டும். அன்று முதல் 24ஆம் நாள் வரை, ஒன்பது வைகறைகளிலும் அங்கே பூசை நடைபெறும். வயலுக்குச் செல்வோர் வேலை தொடங்குமுன் வழிபடுதற்காக இருளிலேயே மணி ஒலித்த வழக்கம் அது. ஏறக்குறைய அதே நாட்களில், திருவெம்பாவைக் காலத்துச் சங்கொலி கேட்டு விழித்தெழும் எமக்கு, அக்காட்சி அந்நியமாகத் தோன்றாது. பூசை முடிந்து வெளிவருவோரைப் பணியார மணம் வரவேற்கும்.

அப்பணியாரங்களில் ஒன்று 'பிபிங்கா'. ஊறவைத்து அரைத்த அரிசி மாவிலே தேங்காய்ப்பாலும் சீனியும் முட்டையும் கலந்து, வாழையிலை விரித்த மண்சட்டியில் வார்ப்பார்கள். சட்டியின் கீழே தணல். மேலே மூடிய தகரத் தட்டின் மீதும் தணல். இருபுறச் சூட்டிலும் மா பொங்கி எழுந்து, இலையின் வாசத்தை ஏற்றுப் பொன்னிறமாகும். அதன்மேல் உப்பிட்ட வாத்துமுட்டைத் துண்டுகளும் தேங்காய்ப்பூவும் இடுவர். விசாயத் தீவுகளில் மாவைப் பொங்கவைக்கத் தென்னங்கள்ளைச் சேர்ப்பதும் உண்டு. கள்விட்டுப் புளிக்கவைத்து, சட்டியின் மூடிமேல் தணலிட்டு அப்பம் சுட்ட பாட்டிமாரை அறிந்தவர்களுக்கு இம்முறையை விரித்துரைக்க வேண்டியதில்லை. இந்தோனேசியாவில் 'பிங்கா' என்றும், கோவாவில் 'பெபிங்கா' என்றும், எமது இலங்கையிலே 'பிபிக்கன்' என்றும் இதனையொத்த பெயர்கள் பணியாரங்களுக்கு வழங்குதலையும் ஈண்டு நினைக்கலாம்.

பிபிங்காவின் அருகே விற்கப்படுவது 'புத்தோ பும்போங்'. கருஞ்செந்நீல நிறமுள்ள ஒருவகை அரிசியை மாவாக்கி, மூங்கிற் குழாயில் இட்டு ஆவியில் அவித்து, தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் தூவி உண்பர். 'புத்தோ' என்ற பெயரைக் கேட்டு, மூங்கிற் குழாயையும் கண்ட பின்னர், எம் வாசகர்களுக்குக் குழற்புட்டு நினைவுக்கு வாராமற் போகுமா?

இனி நாட்டின் பல பகுதிகளையும் நோக்குவோம். வடக்கே பங்கசினான், இலோக்கோஸ் பகுதிகளில் பசையரிசி மாவையும் தேங்காயையும் வாழையிலையில் சுருட்டித் தணலில் வாட்டுவர். அதற்குத் 'துப்பிக்' என்று பெயர். பம்பங்கா மாகாணத்தில் கூவைக்கிழங்கு மாவும் தேங்காய்ப்பாலும் சேர்த்துப் பிசைந்து, சித்திரம் செதுக்கிய மர அச்சுக்களில் அழுத்திப் பிஸ்கற் சுடுவர். கரும்பு விளையும் நீக்ரோஸ் தீவிலே, கருஞ்சர்க்கரையை உள்ளே வைத்துத் தட்டிய 'பியாயா' என்னும் மெல்லிய ரொட்டி பெயர்பெற்றது. பீக்கோல் மக்களோ சேம்பிலையைத் தேங்காய்ப்பாலிலும் மிளகாயிலும் சமைப்பதில் வல்லவர்கள். தெற்கே மிந்தனாவோவில் வாழும் முஸ்லிம்களான மரனாவோ மக்கள், வெங்காய இனத்துத் தாளும் இஞ்சியும் மிளகாயும் இடித்துச் செய்யும் 'பலாப்பா' இன்றி உணவு கொள்ளார். சூலுத் தீவுகளின் தவுசுக் மக்கள் தேங்காயைக் கருக வறுத்து, அதனைக் கொண்டு கருநிற இறைச்சிச் சாறு காய்ச்சுவர். மண்ணும் மழையும் கொடுத்தவற்றிலிருந்தே ஒவ்வொரு பகுதியும் தன் சுவையை அமைத்துக்கொண்டது.

அந்நியர் கொணர்ந்த உணவுகளையும் அம்மக்கள் வந்தவாறே ஏற்றுக்கொள்ளவில்லை. 1565 முதல் 1815 வரை மணிலாவுக்கும் மெக்சிக்கோவின் அக்கபுல்கோத் துறைக்குமிடையே ஸ்பானியக் கப்பல்கள் ஓடின. மெக்சிக்கோவிலே சோள மாவும் கொக்கோவும் கலந்து காய்ச்சிய பானம், பிலிப்பைனில் பசையரிசியும் கொக்கோவும் சேர்ந்த கஞ்சியாயிற்று. அமெரிக்கர் அப்பிள் பழத்தை உள்ளிட்டுச் சுடும் 'பை' என்னும் பணியாரம், இலகுனா மாகாணத்தில் இளநீர் வழுக்கையை உள்ளே கொண்டது. போர்த்துக்கேயர் வழியாகப் பாணும் போறணையும் எமக்கு வந்தமை போலவே, ஸ்பானியர் வழியாக 'உப்புப் பாண்' எனப் பொருள்படும் பெயர்கொண்ட சிறு பாண் அவர்களுக்கு வந்தது. விறகுப் போறணையில் வெந்து, விடியற்காலையில் வீடுதோறும் சேர்ந்த அப்பாண், இன்றும் அந்நாட்டின் காலையுணவாக விளங்குகின்றது.

எனினும் இங்கே ஒரு சிக்கல் உண்டு. கோதுமை மாவும் தகரத்திலடைத்த உணவும் விலைகொடுத்து வாங்குவன. போறணையும் மின்சாரமும் ஏழையின் குடிசைக்கு எட்டாதன. தீட்டிய அரிசியை மட்டும் உண்டு, தவிட்டிலுள்ள பீ1 உயிர்ச்சத்தை இழந்த மக்களை 'பெரிபெரி' என்னும் நோய் வாட்டியது. இந்நிலையில் தோன்றியவரே மரியா ஒரோசா அம்மையார்.

பத்தாங்காஸ் மாகாணத்துத் தால் நகரிற் பிறந்த அவர், அமெரிக்காவின் சியாட்டில் நகருக்குச் சென்று மருந்தியல் இரசாயனத்திற் பட்டங்கள் பெற்றார். அங்கேயே தங்கி நல்வாழ்வு வாழ்ந்திருக்கலாம். அவ்வாறு செய்யாது 1922இல் தாய்நாடு திரும்பி, மணிலாவில் அரசாங்க விஞ்ஞானப் பணியிற் சேர்ந்தார். தக்காளி அரிதான நாட்டில் வாழைப்பழத்தைக் கொண்டு 'கெச்சப்' செய்தார். மரவள்ளி, வாழைக்காய் முதலியவற்றின் மாவைப் பயன்படுத்தக் கற்பித்தார். தவிட்டு மாவினாலே பிஸ்கற் சுட்டு, பெரிபெரிக்கு மருந்தாக்கினார். மின்சாரமில்லா வீடுகளிலும் சுட்டெடுக்கும் பணி நடைபெறும் வண்ணம், மண்பானையைக் கொண்டே ஒரு போறணையை அமைத்தார். பாட்டி பிபிங்கா சுட்ட மண்சட்டியை, பட்டம் பெற்ற பெண்மணி பழித்து ஒதுக்கினாரல்லர். தம் கல்வியை அம்மண்கலத்துக்கே பணிசெய்ய வைத்தார்.

இரண்டாம் உலகப் போரில் யப்பானியர் மணிலாவைக் கைப்பற்றியபோது, அவர் கெரில்லாப் படையிற் கப்டன் பதவி வகித்தார். அவர் சோயா அவரையிலிருந்து ஆக்கிய சத்துமாவும் தவிட்டுப் பிஸ்கற்றும் சிறைமுகாம்களுக்குள் இரகசியமாக அனுப்பப்பட்டு, பசியால் மெலிந்தோரின் உயிரைக் காத்தன. நகரை விட்டு நீங்குமாறு உற்றார் வேண்டியும், கடமையை விட்டு அகலேன் என நின்றார். 1945ஆம் ஆண்டு பெப்ரவரி 13ஆம் நாள், மணிலாவை மீட்கும் போரிலே குண்டுச் சிதறல்களுக்கு அவர் பலியானார். அவருடைய சமையற் குறிப்புக்களை உறவினர் தொகுத்து, 1970இல் நூலாக வெளியிட்டனர். அவர் பெயர் தாங்கிய வீதி ஒன்று இன்றும் மணிலாவில் உண்டு.

இவ்வரலாற்றை யாம் கூறி முடித்தபோது வகுப்பில் சிரிப்பில்லை. மறுவாரம் அதே மாணவி ஒரு கொப்பியைக் கொணர்ந்து நீட்டினாள். அம்மம்மா சொல்லச் சொல்ல எழுதிய இராசவள்ளிக் களியின் குறிப்பு அதிலே இருந்தது. 'கிழங்கு கொஞ்சம், தேங்காய்ப்பால் அளவாக, சீனி கைப்பதத்துக்கு' என்றிருந்தது.

"அளவாக என்றால் எவ்வளவு?" என்று கேட்டோம்.

"அது அம்மம்மாவின் கைக்குத்தான் தெரியும், ஐயா" என்றாள்.

"அப்படியானால், அவர் அடுத்தமுறை காய்ச்சும்போது அருகிலிருந்து, ஒவ்வொன்றையும் அவர் கையிலிருந்து வாங்கி நிறுத்து எழுதிவா. அந்தக் கை உள்ளபோதே எழுதிவிட வேண்டும்" என்றோம்.

வாசகர்களாகிய பிள்ளைகளிடத்தும், அவர்தம் தாய்மாரிடத்தும் யாம் இவ்வாரம் வேண்டுவதும் அதுவே.