ஓர்கிட் பூ உதிராமல் நிற்க…



விழா மேடைகளில் அதிதிகளின் தோளில் குத்தும் சிறு பூங்கொத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். 'கோர்சாஜ்' என்பார்கள். இரண்டு ஓர்கிட் பூ, ஒரு துண்டு பன்னம், கொஞ்சம் ரிபன். பார்த்தால் இலேசான வேலை. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

கண்டிக்கு அண்மையிலுள்ள ஒரு தோட்டத்தில் ஒன்பது பெண்களைக் கொண்ட சுயதொழில் குழு ஒன்றுடன் வேலை செய்து வருகிறேன். அவர்களுக்கு இரண்டு நாள் மலர் அலங்காரப் பயிற்சி ஒன்றை ஒழுங்கு செய்தேன். முடிவில் எல்லோரும் அழகான கோர்சாஜ் செய்து காட்டினார்கள். படம் எடுத்தோம். "பயிற்சி வெற்றிகரமாக நிறைவுற்றது" என்று அறிக்கையும் எழுதி அனுப்பினேன்.

சில வாரங்களில் ஒரு பாடசாலையின் பரிசளிப்பு விழாவுக்குப் பன்னிரண்டு கோர்சாஜ் கேட்டு ஓடர் வந்தது. குழுவுக்குக் கிடைத்த முதல் ஓடர். அன்று காலை நான்கு மணிக்கே எழும்பிச் செய்து கொடுத்தார்கள். பிரதம அதிதி குத்துவிளக்கேற்றக் குனிந்தார். தோளில் இருந்த ஓர்கிட் கழன்று நிலத்தில் விழுந்தது. பன்னமும் ரிபனும் மட்டும் தோளில் மிஞ்சின. உரைகள் முடிவதற்குள் இன்னும் மூன்று பூக்கள் தலை தொங்கிவிட்டன. பேசிய பணத்தில் பாதிதான் கையில் கிடைத்தது. கொழுந்துக்குப் போகாமல் நின்றதால் அன்றைய பேரும் போய்விட்டது.

குழுத் தலைவியான அக்கா என்னிடம் வந்து, "பூ நல்லாத்தானே இருந்துச்சு மிஸ், நாங்க என்ன பிழை செஞ்சோம்?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது 'பெண்களின் வலுவூட்டல்' பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியவள் நான். ஒரு பூவை எப்படி நிற்க வைப்பது என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

மீந்திருந்த ஒரு கோர்சாஜை எடுத்துக்கொண்டு, கண்டியில் பல வருடங்கள் பூக்கடை வேலை செய்த ஓர் அம்மாவிடம் போனோம். அவர் நாடாவைப் பிரித்துப் பார்த்தார். "இந்தப் பூவுக்குக் கழுத்துல பலமில்ல புள்ள. பாரத்தைக் கம்பிதான் தாங்கணும். நீங்க கம்பியைக் காம்புல மட்டும் சுத்தியிருக்கீங்க" என்றார். எங்கள் பிழை அதுதான். அன்று அவரிடம் கற்றதையும், பின்னர் செய்து பார்த்துத் தெரிந்துகொண்டதையும் உங்களுக்காகத் தருகிறேன்.

முதலில் பூவைத் தெரிவு செய்யுங்கள். நம் நாட்டில் இலகுவாகக் கிடைப்பது டென்ட்ரோபியம். அதன் கொத்தில் கீழே உள்ள பூக்களே முதலில் விரியும். நன்றாக விரிந்து, தொட்டால் விறைப்பாக இருக்கும் கீழ்ப் பூக்களையே எடுங்கள். கொத்தின் அடியைச் சாய்வாக வெட்டி, முதல் நாள் இரவு முழுவதும் தண்ணீரில் நிற்க விடுங்கள். காட்டில் பூக்கும் ஓர்கிட்டைப் பறிக்க வேண்டாம். சிங்களத்தில் 'வெசாக் மல்' எனப்படும் டென்ட்ரோபியம் இலங்கைக்கே உரியது, அருகி வருவது. நமது வேலைக்கு வளர்ப்புப் பூக்களே போதும்.

அடுத்தது கம்பி. கேஜ் இலக்கம் கூடக் கூடக் கம்பி மெல்லியதாகும் என்பதை நினைவில் வைத்திருங்கள். டென்ட்ரோபியத்துக்கு 24 அல்லது 26 கேஜ் சரி. சிம்பிடியம் போன்ற பாரமான பூவுக்கு 22 கேஜ் வேண்டும். பூவின் பின்புறத்தில் இதழ்கள் காம்போடு சேரும் தடித்த இடம் ஒன்று உண்டு. அதில் கம்பியைக் குறுக்கே குத்தி, பாதிவரை இழுத்து, இரு பக்கத்தையும் காம்போடு சேர்த்துக் கீழே மடியுங்கள். ஒரு கம்பியை மற்றக் கம்பியையும் காம்பையும் சேர்த்து இரண்டு மூன்று தடவை மெதுவாகச் சுற்றுங்கள். இறுக்கினால் காம்பு வெட்டுப்படும். பெலனொப்சிஸ் போன்ற தட்டையான பூவைக் குத்தக் கூடாது. கம்பியின் நடுப்பகுதியில் நாடா சுற்றி, கொண்டை ஊசி போல வளைத்து, பூவின் நடுத் தூணுக்கு இரு பக்கமும் இதழ் இடைவெளியால் பின்னுக்கு இறக்க வேண்டும்.

அந்த நடுத் தூணில் கவனம் தேவை. அதன் நுனியில் ஒரு சிறு மூடி இருக்கும், மகரந்தம் அதற்குள்தான். விரலோ கம்பியோ பட்டு அது கழன்றால் பூ விரைவில் வாடத் தொடங்கும். எங்கள் பூக்கள் தலை தொங்கியதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

காம்பின் வெட்டு நுனியில் நனைத்துப் பிழிந்த பஞ்சைச் சிறிதளவு வையுங்கள். பிறகு பூக்கடைகளில் 'புளோரல் டேப்' என விற்கும் மெழுகு நாடாவைச் சுற்றுங்கள். இந்த நாடா இழுத்தால்தான் ஒட்டும். கம்பி குத்திய இடத்திலிருந்து தொடங்கி, ஒரு கையால் பூவைத் திருப்பி, மறு கையால் நாடாவைச் சாய்வாக இழுத்தபடி கீழே வர வேண்டும்.

ஆடையில் குத்தும்போது ஒரு குண்டூசி போதாது. இரண்டு ஊசிகளைச் சாய்வாக, துணியையும் நாடா சுற்றிய தண்டையும் சேர்த்துப் பிடிக்குமாறு குத்துங்கள். சேலை என்றால் தோளில் மடிப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும் இடம் நல்லது. ஊசி முனை வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது.

மேசை அலங்காரத்துக்குப் பச்சை நிற 'போம்' பயன்படுத்துவோர், அதைத் தண்ணீரில் மிதக்க விட்டுத் தானாக அமிழ விடுங்கள். கையால் அமுக்கினால் உள்ளே நனையாமல் காற்று தங்கிவிடும். கொத்தை ஒரே தடவையில் குத்துங்கள். இழுத்து அதே துவாரத்தில் மறுபடி குத்தினால் பிடிக்காது. இந்தப் போம் உக்காத பிளாஸ்டிக். அதனால் இப்போது எங்கள் குழு கோழிக்கூட்டுக் கம்பி வலையைக் கசக்கிப் பாத்திரத்துக்குள் வைத்துத் தண்ணீர் ஊற்றுகிறது. கழுவித் திரும்பவும் பாவிக்கலாம். தனிப்பூ வைக்க வேண்டுமென்றால் சிறிய தண்ணீர்க் குழாயில் செருகி, குழாயை ஈர்க்கோடு சேர்த்து நாடாவால் கட்டிவிடுவார்கள்.

செய்து முடித்ததைச் சாதாரணக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்காதீர்கள். வெப்ப நாட்டுப் பூவான டென்ட்ரோபியத்துக்கு 10 முதல் 13 பாகை செல்சியஸ் வரையான குளிர் போதும். அதற்குக் குறைந்தால் கெட்டுவிடும். ஈரத்தாள் விரித்த பெட்டியில் மூடி, வெயில் படாத குளிர்ந்த இடத்தில் வைக்கலாம். பழுத்த வாழைப்பழம், பப்பாசி அருகில் வேண்டாம். அவற்றிலிருந்து வரும் எதிலீன் வாயு ஓர்கிட்டை வாட வைக்கும்.

கடைசியாக ஒரு சோதனை. கோர்சாஜைத் தலைகீழாகப் பிடித்துக் குலுக்குங்கள். பூ ஆடினால் பிரித்துத் திரும்பக் கட்டுங்கள். எங்கள் அக்கா இன்னொன்றும் செய்தார். ஒன்றைத் தன் சட்டையில் குத்திக்கொண்டு முற்றம் கூட்டி, தண்ணீர் தூக்கி, சமைத்தும் முடித்தார். மாலையில் வந்து, "பாருங்க மிஸ், அப்படியே இருக்கு!" என்று தோளைக் காட்டினார்.

அடுத்து ஒரு திருமண வீட்டு ஓடர் வந்தது. அதற்கு அவர் விலை சொன்னபோது கம்பி, நாடா, ஊசி, தமது நேரம் எல்லாவற்றையும் கணக்கில் சேர்த்திருந்தார். முழுப் பணமும் கிடைத்தது.

அதன் பின்னர் பயிற்சி முடியும் நாளில் நான் அறிக்கை எழுதுவதில்லை. முதல் ஓடர் முடிந்த பிறகு பெண்களிடம் போய், என்ன விழுந்தது, என்ன நின்றது என்று கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். உங்கள் ஊரிலும் சுயதொழில் பயிற்சி நடந்தால், கற்றுத் தருபவரிடம் அழகாகச் செய்யும் விதத்தோடு, நான்கு மணி நேரம் நிலைத்து நிற்கும் விதத்தையும் கேட்டு வாங்குங்கள். கேட்பதற்கு வெட்கப்பட வேண்டாம், சகோதரிகளே. பிழைத்தால் நட்டப்படுவது உங்கள் ஒரு நாள் உழைப்பு.

மீண்டும் அடுத்த மாதம் சந்திப்போம்.