சாம்பல் இல்லாத ஊரில் சாம்பல்சத்து

சிங்கப்பூரின் ஈசூனில் எங்கள் புளோக்குக்குக் கீழே உள்ள தோட்டத்தில் ஒரு கத்திரிச்செடி. கொழுந்து பச்சைப்பசேலென்று இருக்கிறது. அடியிலைகளின் ஓரம் மட்டும் தீய்ந்த அப்பளம்போல் பழுப்பேறிவிட்டது. வெயில் என்றார் ஒருவர். பூச்சி என்றார் இன்னொருவர். உண்மையில் அது சாம்பல்சத்துப் பற்றாக்குறை. பொட்டாசியம் போதாதபோது செடி முதிர்ந்த இலையிலிருந்து எடுத்துக் கொழுந்துக்குக் கொடுத்துவிடும்.

கத்திரிக்கு முன் அதே பாத்தியில் இருமுறை தண்டுக்கீரை, ஒருமுறை காங்கோங் எடுத்தோம். ஒரு கிலோ தண்டுக்கீரையோடு ஏறக்குறைய 6 கிராம் பொட்டாசியம் மண்ணைவிட்டுப் போகிறது. நாங்கள் இட்டதோ தழைச்சத்து மிகுந்த உரம். கீரை தளதளவென்று வந்தது. கடன் கத்திரியின் தலையில் விழுந்தது.

பயிரை மாற்றிப் போட்டால் மண் தேறிவிடும் என்பது பாதி உண்மைதான். பயற்றங்காய் காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துத் தரும். காற்றில் சாம்பல்சத்து இல்லை. ஆழவேர்ப் பயிர் அடிமண்ணிலிருந்து கொஞ்சம் மேலே கொண்டுவரலாம். கூ டெக் புவாட் மருத்துவமனையின் மேல்மாடித் தோட்டம் போன்ற இடங்களில் ஏது அடிமண்? போதாததற்கு, ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்குமேல் பெய்யும் மழை கரைந்த பொட்டாஷை அடித்துச் சென்றுவிடும்.

ஆகவே உரக்கணக்கைப் பயிருக்குப் பயிர் போடாமல் சுற்றுக்குச் சுற்று போட வேண்டும். மூன்று போகத்தில் எவ்வளவு அறுத்தோம் என்று எழுதிவைத்தால் எவ்வளவு திருப்பித் தர வேண்டும் என்பது தெரியும். அதையும் ஒரேயடியாகக் கொட்டாமல் பூக்கும்போது கொஞ்சம், காய்க்கும்போது கொஞ்சம் எனப் பிரித்து இட வேண்டும். அளவு மீறினால் மக்னீசியம் செடிக்குள் ஏறாது. அடுப்புச் சாம்பல் தந்த பெயர் சாம்பல்சத்து. வீவக வீட்டில் சாம்பலுக்கு எங்கே போவது? கீரைத்தண்டும் வாழைப்பழத்தோலும் இருக்கின்றன. குப்பைக்குப் போகும் அவற்றை மழை படாமல் மூடி மக்கவைக்கலாம். நனைந்தால் சத்து கரைந்து ஓடிவிடும்.

இத்தீவுக்கு இது புதிய பாடமல்ல. 19ஆம் நூற்றாண்டில் இங்கு காம்பியரும் மிளகும் பயிரிட்டவர்கள், காம்பியர் இலையைக் காய்ச்சிய சக்கையை மிளகுக்கொடிக்கு எருவாக்கினார்கள். அப்படியும் 15, 20 ஆண்டுகளில் மண் ஓய்ந்தது. புதுக்காடு தேடிப் போனார்கள், பலர் ஜோகூருக்கே. பிறகு அன்னாசியும் ரப்பரும் வந்தன. அவற்றில் பெருஞ்செல்வம் ஈட்டிய லிம் நீ சூனின் பெயர்தான் மாண்டரின் உச்சரிப்பில் ஈசூன் ஆனது.

இன்று நகர்ந்துபோகக் காடில்லை. ஆனால் காம்பியர் மனப்பான்மை போகவில்லை. தேசியப் பூங்காக் கழகம் வாடகைக்கு விடும் 2.5 மீட்டர் நீள, 1 மீட்டர் அகலப் பாத்திக்குக் குத்தகை 3 ஆண்டு. விட்டுப்போகப்போகும் மண்ணுக்கு யார் செலவழிப்பார்? பாத்தி கைமாறும்போது ஒரு மண் பரிசோதனையைக் கட்டாயமாக்கலாம். வாடகை வீட்டைக் காலி செய்கையில் சுவரில் ஆணியடித்த ஓட்டைகளை எண்ணாமல் யாரும் முன்பணத்தைத் திருப்பித் தருவதில்லை. பாத்தியிலும் எண்ணிப் பார்க்கட்டுமே!