சீனி எங்கே போனது?



"சடப்பொருளை ஆக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது." இந்த வரியை எங்கள் பிள்ளைகள் தூக்கத்தில் கேட்டாலும் ஒப்புவிப்பார்கள். அதே பிள்ளையிடம், தேத்தண்ணிக்குள் போட்ட சீனி எங்கே என்று கேட்டுப் பாருங்கள். "கரைஞ்சி இல்லாம போயிட்டு டீச்சர்" என்பார். எரித்த குப்பை? "அதுவும் இல்லாம போயிட்டு."

பாடமாக்கிய விதி ஒரு பக்கம், உள்ளே இருக்கும் நம்பிக்கை இன்னொரு பக்கம். இரண்டையும் சந்திக்க வைக்க இன்னொரு டியூசன் வகுப்புத் தேவையில்லை. கேக் அடிக்க வைத்திருக்கும் தராசு போதும்.

ஒரு கோப்பையில் தண்ணீர், சின்னத் தட்டில் சீனி, ஒரு கரண்டி. எல்லாவற்றையும் ஒன்றாக நிறுத்து எழுதட்டும். பிறகு சீனியைக் கொட்டிக் கலக்கி, வெறும் தட்டையும் கரண்டியையும் சேர்த்து மறுபடி நிறுக்கட்டும். எண் மாறாது. ஆனால் நிறுப்பதற்கு முன், "கூடுமா, குறையுமா, அப்படியே இருக்குமா?" என்று கேட்டு, பிள்ளையின் பதிலை எழுத வையுங்கள். தன் ஊகம் பிழைத்ததைத் தானே கண்ட பிள்ளை அதை மறக்காது.

சின்னப் பிள்ளைகளுக்கு ரொட்டி மா போதும். உருண்டையாக நிறுங்கள், தட்டையாக்கி நிறுங்கள், நாலாகப் பிய்த்து நிறுங்கள்.

கொஞ்சம் பெரியவர்களுக்கு இது. ஒன்றரை லீற்றர் சோடாப் போத்தலில் 100 மில்லிலீற்றர் வினாகிரி. டிஷூவில் சுற்றிய ஒரு தேக்கரண்டி அப்பச்சோடா. மூடியோடு எல்லாவற்றையும் நிறுத்துவிட்டு, பொட்டலத்தை உள்ளே போட்டு உடனே இறுக மூடுங்கள். பொங்கி அடங்கிய பின் நிறுத்தால் அதே எண். இப்போது மூடியை மெதுவாகத் திறங்கள். பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். புஸ்ஸென்று காபனீரொட்சைட்டு வெளியேறும். மறுபடி நிறுத்தால் ஓரிரு கிராம் குறைந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாத வாயுவுக்கும் திணிவு உண்டு என்பது அங்கேதான் புரியும். 18ஆம் நூற்றாண்டில் லாவோசியே இந்த விதியை நிறுவியதும் மூடிய பாத்திரத்தையும் நல்ல தராசையும் வைத்துத்தான்.

"விளையாட்டுக் காட்டாமல் நோட்ஸ் குடுங்க" என்று கேட்கும் பெற்றோர் இருக்கிறார்கள். பாடத்திட்டம் முடிக்க வேண்டிய அவசரம் ஆசிரியர்களான எங்களுக்கும் உண்டு. ஆனால் இது ஒரு பாடவேளைக்குள் முடிகிற வேலை. இதன் பயனும் பரீட்சையோடு முடிவதில்லை.

வளவுக்குள் சொப்பிங் பேக்கை எரிக்கிறோம். பிடி சாம்பல்தான் மிச்சம். மீதி எங்கே? ஒட்சிசனோடு சேர்ந்து வாயுவாகவும் புகையாகவும் காற்றில் நிற்கிறது. பக்கத்து வீட்டுப் பிள்ளை அதைத்தான் சுவாசிக்கிறது. கொழும்பு வீசிய குப்பையும் எங்கேயும் போய்விடவில்லை. 2017 ஏப்ரல் 14ஆம் திகதி மீதொட்டமுல்லையில் அந்த மேடு சரிந்து 30க்கும் மேற்பட்டோரின் உயிரைக் கொண்டு போனது.

எதுவும் இல்லாமல் போவதில்லை, இடம்தான் மாறுகிறது. இதைக் கையால் நிறுத்துப் பார்த்து வளர்கிற பிள்ளை, நாளைக்குக் குப்பையைக் கானுக்குள் வீசுவதற்கு முன் ஒரு தரம் யோசிக்கும்.

இந்த வார விடுமுறையில் தராசைப் பிள்ளையின் கையில் கொடுங்கள். கொஞ்சம் சீனி சிந்தும். ஏசாதீர்கள். சிந்திய சீனியையும் கூட்டி அள்ளி நிறுக்கச் சொல்லுங்கள்.