செய்தி எங்கே என்று கேட்பவர்க்கு

கலை நிகழ்ச்சி எதுவாயினும், திரை விழுந்ததும் நம் நடுவர்கள் எழுப்பும் முதல் வினா ஒன்றே: "இது தரும் செய்தி என்ன?" பங்கு விழா நாடகப் போட்டிகளில் கருத்துக்கென்று தனி மதிப்பெண் உண்டு, எஞ்சியதை நடிப்புக்கும் பாட்டுக்கும் பகிர்ந்தளிப்பர். செய்திதான் வேண்டுமெனில் நாளிதழ் இருக்கிறதே! மறையுரை ஆற்ற நாங்களும் இருக்கிறோம். வேண்டிய அளவுக்கு மேலாகவே ஆற்றுகிறோம்.

இவ்வினாவின் பின்னே ஒரு தவறான எண்ணம் ஒளிந்துள்ளது. கருத்தே சரக்கு, இசை அதைச் சுமக்கும் வண்டி என்பது அது. புனித அகுஸ்தீனார் இதனோடு நெடிது போராடியவர். பாடப்படும் பொருளைவிடப் பாட்டே தம்மை உருக்கிவிடும் வேளைகளில் தாம் பாவம் செய்வதாக, தம் 'அறிக்கைகள்' நூலின் 10ஆம் பகுதியில் அஞ்சுகிறார். செய்தியை வற்புறுத்துவோர் இவ்விடத்தோடு அவரை மூடிவைத்துவிடுகின்றனர். அதே பெரியார்தாம், திருப்பாடல் விரிவுரையில், அறுவடைக் களத்திலும் திராட்சைத் தோட்டத்திலும் உழைப்போர் மகிழ்ச்சி பொங்கும்போது சொற்களை விட்டு வெறும் ஒலியாய்ப் பாடுவதைச் சுட்டி, சொல்லுக்குள் அடங்காத இறைவனைப் போற்ற அதுவே தக்க முறை என்கிறார். கிரகோரியன் இசையில் அல்லேலூயாவின் இறுதி உயிரொலி எத்தனை சுரங்களுக்கு நீள்கிறது! அங்கே செய்தி எது? ஓர் இராகத்தை விடிய விடிய விரிக்கும் நாகசுரக் கலைஞரிடம் கருத்துக் கேட்பாரும் உளரோ?

கேட்பதில் தீங்கென்ன என்பீர்கள். கேட்பவர் கையில் அதிகாரம் இருந்தால் தெரியும். 1936 சனவரியில், ஷொஸ்தகோவிச் இயற்றிய 'மெட்சென்ஸ்க் மாவட்டத்து லேடி மக்பெத்' இசைநாடகத்தைக் காண வந்த ஸ்டாலின், முடியுமுன் எழுந்து போனார். இரண்டே நாள்களில் 'பிராவ்தா' நாளேடு அதனைச் சாடியது. ஈராண்டுகள் வெற்றியோடு நடந்த படைப்பு, கால் நூற்றாண்டுக்கு மேலாகச் சோவியத் மேடைகளில் தலைகாட்டவில்லை. மக்களுக்குப் புரிகிற, பயன்படுகிற இசை வேண்டும் என்பதே அன்றைய வாதம். நம் பக்தர் சிலர் பேசுவதும் அம்மொழியே. சிவப்புச் சாயம் மட்டும் இல்லை.

பிக்காசோவின் 'குவெர்னிக்கா' செய்தி சொல்லவில்லையா எனக் கேட்கலாம். 1937 ஏப்ரல் 26 அன்று அவ்வூரின்மீது குண்டு பொழிந்த கொடுமையே அதனைப் பிறப்பித்தது. ஆயினும் ஓவியத்தில் விமானம் இல்லை, கொடி இல்லை, குற்றவாளியின் முகமும் இல்லை. குதிரை கதறுகிறது, இறந்த மகவை ஏந்திய தாய் வானை நோக்கி அலறுகிறாள். அவ்வளவே. துண்டறிக்கைகளை நாம் மறந்துவிட்டோம். அத்தாயை மறக்க இயலவில்லை.

ஆண்டவர் ஊதாரி மைந்தன் உவமையை எவ்வாறு முடித்தார்? மூத்தவன் விருந்துக்குள் நுழைந்தானா? லூக்கா 15ஆம் அதிகாரம் சொல்லவில்லை. தந்தையின் சொற்களோடு கதை நின்றுவிடுகிறது. நம் நாடகக் குழுவினரோ அவனைக் கைப்பிடியாய் உள்ளே இழுத்து வந்து, தம்பியைத் தழுவச் செய்து, பின்னணிக் குரலில் "ஆகவே அன்பர்களே" என்று தொடங்குகின்றனர். இவ்வாண்டுப் போட்டியிலாவது அந்தக் குரலை நிறுத்துங்கள். நடுவர் தாளிலிருந்து கருத்துக்கான கட்டத்தையும் அடித்துவிடுங்கள்.