சுட்டி மட்டும் போதுமா?

இணையத்தில் கண்ட நல்லதை நாலு பேருக்குக் காட்டும் பழக்கம் புதிதன்று. 1997-ல் அமெரிக்கர் ஜோர்ன் பார்கர், தாம் படித்த பக்கங்களின் முகவரிகளை நாள்தோறும் பட்டியலிட்டார். ‘வெப்லாக்’ என்ற பெயரும் அவர் வைத்ததே. ஆனால் பக்கமே போய்விட்டால் முகவரியால் என்ன பயன்? 2009-ல் யாகூ நிறுவனம் ஜியோசிட்டீஸை மூடியபோது லட்சக்கணக்கான பக்கங்கள் இடமிழந்தன. அன்பர்கள் ஓடோடி எடுத்து வைத்தது ஒரு பகுதியே.

வெளிமாநிலத் தமிழருக்கும் இதில் அக்கறை உண்டு. தமிழ் நூலகம் இல்லாத ஊர்களில், 1998 முதல் ஆர்வலர்கள் தட்டெழுதி ஏற்றிவரும் மதுரைத் திட்ட நூல்கள் கைகொடுக்கின்றன. நல்ல நூலொன்றைக் கண்டவரோ வாட்ஸ்அப்பில் சுட்டியை மட்டும் தட்டிவிட்டு ஓய்கிறார். நூலின் பெயரையும் ஆசிரியர் பெயரையும் சேர்த்து எழுதினால், சுட்டி செத்தாலும் தேடிப் பிடிக்கலாம். பிரதியொன்றை இறக்கியும் வைக்கட்டும். அதற்குக் கட்டணம் ஏதுமில்லையே!